சுங்குடி: 850 ரூபாயும் 3,400 ரூபாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீபாவளிக்கு முன் இரண்டு சுங்குடிச் சேலைகள் எடுத்தேன். ஒன்று மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில், 850 ரூபாய். இன்னொன்று கைவினைக் கண்காட்சியில், 3,400 ரூபாய். இரண்டு இடத்திலும் 'கைவேலை, ஒரிஜினல் மதுரைச் சுங்குடி' என்றுதான் சொன்னார்கள். கல் உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்துத் துவைத்தேன். 850 ரூபாய்ச் சேலை அப்படியே இருக்கிறது. அரக்கு நிறத்தில் எடுத்த 3,400 ரூபாய்ச் சேலையில் வெள்ளைப் புள்ளியெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. நம் ஊர்க் கைவேலையை ஆதரிக்கப் போய் ஏமாந்துவிட்டேனா?

என் தங்கை சுங்குடித் துணியில் குர்த்தி தைத்து விற்கத் தொடங்கியிருக்கிறாள். ஒன்று 900 ரூபாய். அதுவே அதிகம் என்கிறார்கள். உள்ளூர்ப் பொருளை வாங்குவதில் ஊர்ப்பாசத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? விளக்கமாக எழுதுங்கள்.

கே.
திருநகர், மதுரை

அன்புள்ள கே.,

சுங்குடி என்பது துணியைப் புள்ளிப் புள்ளியாக நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து எடுப்பது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 850 ரூபாய்ச் சேலையில் ஒரு முடிச்சுகூட விழுந்திருக்காது. 3,400 ரூபாய்ச் சேலை உண்மையில் கட்டிச் சாயமிட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதைக் கடைசியில் அலசியவர் வேலையை முடிக்காமல் விட்டிருக்கிறார். கட்டியவர் வேறு, தோய்த்தவர் வேறு. கட்டியவர் கையில் குறையில்லை.

இரண்டு சேலையையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். முடிச்சுப் போடுகிறவர் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இறுக்குகிறார். நூல் மூடிய இடம் வெள்ளையாக நிற்கும். நூலுக்கு மேலே துருத்திய நுனியில் சாயம் ஏறும். அதனால் கட்டிய புள்ளியின் நடுவில் பெரும்பாலும் ஒரு சின்ன நிறப்பொட்டு இருக்கும். புள்ளி முழு வட்டமாக இராது, சற்றுச் சதுரமாகவோ கோணலாகவோ இருக்கும். பக்கத்துப் புள்ளியை அச்சடித்ததுபோல் ஒத்திருக்காது. இஸ்திரி போடாத சேலை என்றால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் எழும்பி நிற்கும், விரலுக்கே தெரியும்.

மெழுகு பிரின்டில், உருக்கிய மெழுகை அச்சில் தோய்த்துத் துணியில் ஒற்றி, குளிர்ந்த சாயத்தில் போட்டு, பிறகு கொதிநீரில் மெழுகை எடுத்துவிடுவார்கள். புள்ளிகள் ஒரே அளவில், நடுப்பொட்டு இல்லாமல் இருக்கும். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் நரம்பு போன்ற கோடுகள் ஓடும். அதுவும் கை உழைப்புதான், அதற்கென ஓர் அழகும் உண்டு. மெழுகு பிரின்ட் என்று சொல்லியே விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலைச்சட்டம் வழியாக வண்ணத்தைத் துணிமேல் அழுத்தி அடிக்கும் ஸ்கிரீன் பிரின்ட் வேறு வகை. துணியைத் திருப்பினால் நிறம் வெளிறியிருக்கும், வண்ணம் விழுந்த இடம் தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். உங்கள் 850 ரூபாய்ச் சேலை இந்த இரண்டில் ஒன்று. சாயம் போகாதது அதன் நல்ல குணம், கைவேலைக்கு அத்தாட்சி ஆகாது.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் தனிப்பொருள் என்று பெயரைக் காக்கும் பதிவு, கிடைத்தது. ஆனால் கடைப் பேச்சில் புள்ளி போட்ட பருத்திச் சேலை எல்லாமே சுங்குடிதான். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த முத்திரை நெசவைப் பற்றியது. விசைத்தறித் துணியிலும் கையால் கட்டலாம், கைத்தறித் துணியிலும் ஸ்கிரீன் ஓட்டலாம். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'இது கட்டியதா, அடித்ததா? யார் கட்டியது?' என்பதே. கட்டியதை விற்பவரிடம் முடிச்சு அவிழ்க்காத ஒரு துண்டைக் காட்டச் சொல்லலாம்.

இப்போது விலை. கூலியும் துணி விலையும் இடத்துக்கு இடம் மாறும். கணக்குப் போடும் முறைக்காக இந்த எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர், மீட்டர் 90 ரூபாய் என்றால் துணிக்கு மட்டும் 558. 4,000 புள்ளிகள், மணிக்கு 200 முடிச்சு என்றால் 20 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் கொடுத்தாலும் 1,200. சாயம், அலசல் 250. அவிழ்த்து, இஸ்திரி போட 100. ஆக, சேலை பட்டறையை விட்டு வெளியே வரும்போதே 2,100 ரூபாய்க்கு மேல். விற்பவர் வாடகை, போட்ட முதல், விற்காமல் தங்கும் சரக்கு என்று 40 சதவீதம் வைத்தால் 2,950. வரியும் ஜரிகைக் கரையும் சேர்ந்தால் 3,400-ஐ நெருங்கிவிடும். உங்களிடம் வாங்கியது நியாய விலைதான். 850 ரூபாய்ச் சேலையில் துணிக்குப் போக மிஞ்சுவது 300-க்கும் குறைவு. அதற்குள் சாயமும் கடைக்காரர் லாபமும் அடங்க வேண்டும். 20 மணி நேர உழைப்புக்கு அங்கே இடமே இல்லை. விலையை வகுத்துப் பார்ப்பதைவிட எளிய சோதனை கிடையாது.

துணியை மடித்து இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கட்டினால் முடிச்சு பாதியாகும், விலையும் குறையும். ஆனால் அடுக்குக்கு அடுக்கு புள்ளியின் அளவு மாறும். விலை பேசும்போது எத்தனை புள்ளி என்பதோடு எத்தனை அடுக்காகக் கட்டியது என்றும் கேளுங்கள்.

இனி, உங்கள் சேலையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கைவேலையின் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான். பருத்திக்கு இன்று அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். குளிர்நீரில் தோய்க்கும் வகையில், 450 கிராம் எடையுள்ள ஒரு சேலைக்கு அரக்கு போன்ற அடர்நிறம் வேண்டுமென்றால் எடையில் 4 சதவீதம், அதாவது 18 கிராம் சாயம். ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ உப்பு, 150 கிராம் சலவை சோடா. முதலில் துணியைக் காய்ச்சிக் கஞ்சியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திட்டுத்திட்டாக ஏறும். முடிச்சுப் போட்ட துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்தே தொட்டியில் இறக்குவார்கள். காய்ந்த துணி சாயத்தை உறிஞ்சி, நூலுக்கு அடியிலும் இழுத்துக்கொள்ளும். உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நிறத்தைத் துணியின் பக்கம் தள்ளி, பிறகே சோடா சேர்ப்பார்கள். சோடாதான் சாயத்தைப் பஞ்சோடு பிணைக்கிறது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

ஆனால் அந்தச் சோடா தண்ணீரோடும் சாயத்தை வினைபுரிய வைக்கிறது. அப்படித் தண்ணீரோடு வினைபுரிந்த பகுதி இனிப் பஞ்சைப் பிடிக்காது, இழைகளுக்கிடையே சும்மா தங்கியிருக்கும். அதை வெளியேற்றக் குளிர்நீரில் சில தடவை, பிறகு கொதிநிலைக்கு அருகில் சோப்பு போட்டு, மறுபடி தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே குளிர்நீர் அலசலில் பெரும்பகுதி போய்விட வேண்டும். அவசரத்தில் முதலில் அவிழ்த்துவிட்டால் தங்கிய சாயம் நேரே வெள்ளைப் புள்ளியில் போய் ஒட்டும். விறகுச் செலவையும் தண்ணீர்ச் செலவையும் மிச்சம் பிடிக்கச் சோப்பு அலசலை ஒரே தடவையோடு நிறுத்தினால், வாங்கியவர் வீட்டு வாளியில் மிச்சம் இறங்கும். உங்கள் வாளியில் இறங்கியது அதுதான். போர் தண்ணீரில் அலசினால் நிலைமை இன்னும் மோசம். கடின நீரில் சோப்பு திரிந்துபோகும், சாயம் சரியாக விடாது.

கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது நம் வீடுகளில் பரவலான நம்பிக்கை. உப்பு சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுமே தவிரப் பிணைக்காது. ஊறவைத்த தண்ணீர் தெளிவாகத் தெரிவதால் சாயம் நின்றுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் விட்டுப்போக வேண்டிய சாயம் துணியிலேயே, வெள்ளைப் புள்ளியிலும் சேர்த்து, தங்கிவிடும். ராத்திரி முழுக்க ஊறவிட்டது பாதிப்பைக் கூட்டியிருக்கிறது. அடர்நிறச் சுங்குடியை முதல் சில துவைப்பில் ஊறவே விடக்கூடாது. வாங்குமுன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இலேசான கறை பரவாயில்லை. கைக்குட்டையே நிறம் மாறினால் அலசல் போதவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

தங்கையின் குர்த்திக்கு வருவோம். அவர் கட்டிய சேலையை வாங்கி வெட்டுகிறாரா, மெழுகு பிரின்ட் துணியில் தைக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. மெழுகு பிரின்ட் என்றால் 900 ரூபாய் சரியாக இருக்கலாம், பெயரை மட்டும் அப்படியே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கட்டிய துணி என்றால் சேலையை வெட்டுவதை நிறுத்தட்டும். வெட்டுத் துண்டில் போகும் முடிச்சுக்கும் கூலி கொடுத்தாகிவிட்டது. காய்ச்சிய வெள்ளைத் துணியில் இரண்டரை மீட்டர் எடுத்து, முன், பின், கை மூன்றையும் காகித அளவு வைத்துக் கோடிழுத்து, கோட்டுக்குள் மட்டும் கட்டச் சொன்னால் முடிச்சு கணிசமாக மிச்சமாகும். கழுத்து வெட்டும் இடத்தில் கட்டவே வேண்டாம். சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடட்டும். சாயமிட்டு அவிழ்த்த துணி சுருங்கிக் குறுகியிருக்கும். அந்த நிலையில் வெட்டித் தைத்தால் முதல் துவைப்பில் சுருக்கம் விரிந்து குர்த்தி தொளதொளத்துவிடும். நனைத்து, காயவைத்து, நீராவி இஸ்திரியில் முழுக்க விரித்தபிறகே கத்தரி வைக்க வேண்டும். அடர்நிறத் துணிக்கு வெள்ளை லைனிங் கொடுப்பதாக இருந்தால், தண்ணீர் தெளியும்வரை மேல்துணியை அலசிவிட்டுத்தான் இரண்டையும் சேர்த்துத் தைக்கலாம்.

அதே கணக்கு முறையில் 1,200 முடிச்சுள்ள ஒரு குர்த்தி: துணி 225, முடிச்சு 6 மணி நேரம் 360, சாயமும் அலசலும் 120, தையல் 300, லைனிங் 120, பித்தான், நூல் 30, உறை 30. கூட்டினால் 1,185. பழுதாகிப் போகும் துணிக்குப் பத்துச் சதவீதம் சேர்த்தால் 1,300 சொச்சம். நேராக விற்றால் 1,650-க்குக் குறையாமல் வைக்க வேண்டும். 35 சதவீதம் கழிவு கேட்கும் கடைக்குக் கொடுத்தால் 2,000 ரூபாய் விலையில்கூட அவர் கையில் ஒரு ரூபாய் லாபம் நிற்காது. 900-க்கு விற்கிறார் என்றால் தன் தையல் கூலியை விட்டுக்கொடுக்கிறார், அல்லது கட்டுகிறவர் கூலியில் கைவைக்கிறார். இரண்டாவது நடக்கக்கூடாது. முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டிலிருந்து பெண்கள் செய்யும் வேலை, எண்ணிக்கைக்குக் கூலி. மதுரையில் இந்தக் கலையைத் தலைமுறைகளாகத் தாங்கிவரும் சௌராஷ்டிரக் குடும்பங்களில் அடுத்த பெண் இதைத் தொடர்வதும் விடுவதும் இந்தக் கூலியைப் பொறுத்தது. குர்த்தி விற்றபிறகு தருகிறேன் என்று சொல்லாமல், கட்டிய துணி கைக்கு வந்த அன்றே பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளூரில் வாங்குவதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கடை மதுரையில் இருக்கிறது என்பதற்காக வாங்குவதில் ஒன்றுமில்லை. வெளியூரில் அச்சடித்த துணி கோயிலுக்குப் பக்கத்தில் விற்றாலும் வெளியூர்த் துணிதான். கட்டியவரும் தோய்த்தவரும் நீங்கள் போய்ப் பேசக்கூடிய தூரத்தில் இருப்பதில்தான் பயன் இருக்கிறது. புள்ளியின் நெருக்கம், நிறம், கரை எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிக் கட்டச் சொல்லலாம். குறை வந்தால் எந்தக் கட்டத்தில் வந்தது என்று கேட்கலாம். அதன் சுமையும் இங்கேதான் விழுகிறது. ஒரு சேலைக்கு அரைக் கிலோ உப்பு என்றேன், அந்த உப்புநீரும் நம் மண்ணுக்கே வருகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் சாயம் வடியும், கரைந்த உப்பு வடியாது. கழிவுநீரை என்ன செய்கிறீர்கள் என்று சாயப்பட்டறையில் கேட்கும் உரிமை வைகைக் கரை ஊரில் குடியிருக்கும் உங்களுக்கு இருக்கிறது. கேளுங்கள்.

ரோஸ் ஆன சேலையை இப்போதே ஒதுக்கிவிட வேண்டாம். ரவிக்கைத் துணியின் ஓரத்தில் ஓர் அங்குலத்தை 70 டிகிரிச் சுடுநீரில் முக்கிப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையில் நிறம் இறங்குவது குறைந்துகொண்டே வந்தால், தங்கிய சாயம்தான் போகிறது. 15 லிட்டர் நல்ல தண்ணீரை அதே சூட்டில் எடுத்து, 30 மில்லி திரவச் சோப்புக் கலந்து, சேலையைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் புரட்டி, உடனே எடுத்து அலசுங்கள். தண்ணீரை மாற்றி மூன்று நான்கு தடவை செய்தால் புள்ளிகள் பெரும்பாலும் வெளுக்கும். மடித்துப் போடாமல் நிழலில் ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள். ஒவ்வொரு முக்கலிலும் நிறம் அதே அளவு கொட்டினால் அது வேறு வகைச் சாயம், சுடுநீர் இன்னும் கெடுக்கும். அந்தச் சேலையை விற்றவரிடமே கொண்டுபோய், சாயத்தைத் துணியில் பிடித்து நிறுத்தும் டை ஃபிக்ஸர் போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்த வகையாக இருந்தாலும் புள்ளிகள் ரோஸ் ஆனதை அவரிடம் காட்டுங்கள். அதே தொட்டியில் தோய்த்த மற்றச் சேலைகள் இன்னும் அவரிடம் விற்காமல் இருக்கக்கூடும், அவற்றை அவர் மறுபடி அலசிவிடலாம்.