சாகணும் என்ற எண்ணத்தோடு ஆலோசகரிடம் போனால் என்ன நடக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது: "சாகணும்னு அடிக்கடி தோணுது. ஆலோசகரிடம் சொன்னால் போலீசுக்கும் வீட்டுக்கும் சொல்லிடுவாங்களா? பழசையெல்லாம் கிளறுவாங்களா?"

இதே பயத்தோடுதான் நானும் முக்கூடலில் இருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

போலீஸ் பயத்தை விட்டுவிடுங்கள். அப்படித் தோன்றுவது குற்றமே இல்லை. முயற்சி செய்தவரைக்கூட கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு.

நான் முதலில் போன இடம் சரியாக அமையவில்லை. "பிள்ளை முகத்தைப் பார்த்துமா இப்படித் தோணுது? அவன் மேல சத்தியம் பண்ணு" என்றார்கள். பண்ணினேன். எண்ணம் போகவில்லை, அதை வெளியே சொல்ல வாய்தான் வராமல் போனது. இப்படி வாக்குறுதி வாங்குவதால் ஆபத்து குறைவதற்கு ஆதாரம் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த மேடம் கேட்ட முதல் கேள்வியே வேறு. "எங்க உட்கார்ந்தா உங்களுக்குச் சௌகரியம்? கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா?" சாத்திய கதவுக்குள் சின்ன வயதில் எனக்கு ஒன்று நடந்திருக்கிறது. அவருக்கு அது தெரியாது. ஆனாலும் கேட்டார். "திறந்தே இருக்கட்டும்" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் சொல்வது அந்த அறையைத் தாண்டாது, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் என்னிடம் சொல்லிவிட்டே செய்யப் பார்ப்பதாகச் சொன்னார். அப்புறம் நேராகவே கேட்டார்: "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று நம் ஊரில் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. ஒரு மனுஷி திடுக்கிடாமல் அதைக் கேட்டதே எனக்குப் பாதி பாரத்தை இறக்கியது.

பழசை அவர் கிளறவில்லை. மனக்காயம் பட்டவரை எடுத்த எடுப்பில் எல்லாம் சொல்ல வைத்தால் காயம் இன்னும் ஆழமாகும் என்றார். முதல் சில வாரம் படபடப்பு வரும்போது காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லிப் பழகினோம். இரண்டு மாதம் கழித்து நானாகத்தான் வாய் திறந்தேன். பாதியில் நிறுத்தினேன். "இன்னைக்கு இது போதும்" என்று அவரும் விட்டுவிட்டார்.

முதல் நாளே இருவருமாக ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினோம். அரைப் பக்கத் தாள், எல்லாம் என் வார்த்தையில். முதல் வரி, எண்ணம் வரப்போவதற்கு எனக்குத் தெரியும் அடையாளம்: "தூக்கம் இல்லை, பீடி எண்ணும்போது கணக்கு பிசகுது." அடுத்தது: "எதிர்வீட்டு ஆச்சி திண்ணை." ஆச்சி ஒன்றும் துருவ மாட்டாள். "வாட்டி, இந்த முறத்தைப் பிடி" என்று பீடி இலையைத் தள்ளிவிடுவாள். கை ஓடும், பேச வேண்டாம், ஒரு மணி நேரம் கடந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் பெரிது, ஏனென்றால் எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்கும். மூன்றாவது வரி மதினி. அவளிடம் வாய்விட்டுச் சொல்லலாம், வீட்டில் ஆபத்தான எதுவும் என் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. கடைசியில் உதவி எண்கள்: அரசு மனநல உதவிக்கு 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவிக்கு 104. இரண்டும் இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, மடிப்பெல்லாம் கிழிந்து.

முதலில் பார்த்த ஆள் சரியில்லை என்றால் இன்னொருவரைப் பாருங்கள், அது உங்கள் உரிமை. பணம் இல்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எண்ணம் இப்போதே முற்றி நிற்கிறது என்றால் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு அங்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

யாரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், இந்தப் பதிலை அப்படியே அவரிடம் காட்டி "எனக்கும் இப்படித்தான்" என்று மட்டும் சொல்லுங்கள். இன்றிரவு எப்படி இருக்கிறீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள், நான் பார்ப்பேன்.