ஹார்மோன் சிகிச்சை எடுக்கும்போது மறுபடி ரத்தம் படுவது இயல்பா?

தீட்டு நின்று ஒன்றரை வருடம் ஆன பிறகு, உடம்புச் சூட்டுக்கும் தூக்கமின்மைக்கும் மூன்று மாதமாக ஹார்மோன் மருந்து எடுப்பதாகவும், இப்போது திட்டுத்திட்டாக ரத்தம் படுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 53 வயது. இதே பயத்தில் ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் என்றிருந்தால், அது முடியும் சமயத்தில் மாதாமாதம் ரத்தம் வரத்தான் செய்யும். தீட்டு இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படிக் கொடுப்பார்கள். இரண்டுமே தினமும் என்றால் போகப்போக ரத்தமே வரக்கூடாது. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை அவ்வப்போது படுவது பலருக்கும் நடக்கிறது. உங்களுடையது இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கும் அதுதான். கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரி 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல். ஐந்தாவது வாரம் படத் தொடங்கி, நாலாம் மாதம் தானாக நின்றது. பதினோராம் மாதம் திரும்ப வந்தது. இந்த முறை நாப்கின் வைக்கும் அளவுக்கு. அத்தை, "நின்னது திரும்பி வந்தா உடம்புல தெம்பு இருக்குன்னு அர்த்தம்" என்றார். நாத்தனார், "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்றார். நான் டாக்டரிடம் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கேப்ஸ்யூல் தினமும் போடறீங்களாம்மா?"

போடவில்லை. காலையில் தலை கிறுகிறுக்கிறது என்று வாரத்தில் நாலு நாள் விட்டுவிடுவேன். வியர்வையை நிறுத்துவது ஜெல்தானே என்று அதை மட்டும் தவறாமல் தடவினேன். அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும்; அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் புரோஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்த பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுகிறது என்று 1975-இலேயே அமெரிக்க ஆய்வுகள் காட்டிவிட்டன. கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். கருப்பை எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் எனக்குச் சவ்வு 9 மி.மீ. இருந்தது. தீட்டு நின்றபின் ரத்தம் படுபவர்களுக்கு 4 மி.மீ.க்கு மேல் போனால் பெரும்பாலும் பயாப்ஸி செய்யச் சொல்வார்கள். மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் துளி சதை எடுத்தார்கள். சில நிமிடம், தீட்டு வலியைவிடக் கொஞ்சம் அதிகமான வலி. முடிவு வரும்வரையிலான அந்த எட்டு நாள்தான் கொடுமை. கெட்ட மாற்றம் எதுவும் இல்லை. புரோஜெஸ்டிரோன் அளவைக் கூட்டி, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தார்கள், சவ்வு குறைந்திருந்தது.

உங்களுக்கு மூன்றாம் மாதம்தான் ஆகிறது. இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்தத் தேதியில், எவ்வளவு பட்டது, எந்த நாள் மருந்து விட்டுப்போனது என்று காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, முழுதாக நின்றபின் திரும்ப வந்தாலோ, போகப்போக அதிகமானாலோ ஸ்கேன் கட்டாயம். பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி, நார்க்கட்டி, கருப்பை வாய்ப் பிரச்சினை, பெண்ணுறுப்பு வறட்சி இவற்றாலும் ரத்தம் வரலாம். எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட்டுவிடக் கூடாது. மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ தலைசுற்றி மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

புரோஜெஸ்டிரோனை மட்டும் நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், வழி இருக்கிறது. கருப்பைக்குள் வைக்கும் மிரெனா போன்ற ஹார்மோன் சாதனம் சிலருக்குச் சரிப்படுகிறது. நான் பதினொரு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்த கேப்ஸ்யூலை ஒன்பதரைக்கு மாற்றினேன். காலைக் கிறுகிறுப்பு பெருமளவு போய்விட்டது.