நோஸ்ஃபெராட்டு (2024): இருட்டை இருட்டாகவே பார்க்க – கேள்வி பதில்

ராபர்ட் எக்கர்ஸ் இயக்கிய 2024 நோஸ்ஃபெராட்டு பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கடைசிக் கேள்வியில் படத்தின் முடிவு வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: வீட்டு டிவியில் பாதிப் படம் ஒன்றுமே தெரியவில்லை. பிரைட்னஸை ஏற்றினால் எல்லாம் சாம்பல் பூசியது போல ஆகிவிடுகிறது. டிவியில் கோளாறா, படத்திலா?

இரண்டிலும் இல்லை. ஒளிப்பதிவாளர் ஜரின் பிளாஷ்கே இதை 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார். வீட்டுக்குள் நடக்கும் பல காட்சிகளுக்கு மெழுகுவத்தியும் கணப்பு நெருப்பும்தான் வெளிச்சம். நிலவொளிக் காட்சிகளில் சிவப்பு நிறம் கிட்டத்தட்ட முழுவதும் வடிகட்டப்பட்டிருக்கிறது. கதையின் ரத்தக்காட்டேரியான ஓர்லாக்கின் முகம் உடனே தெரியக்கூடாது, கண் தேட வேண்டும் என்பதுதான் திட்டம்.

பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்று இருப்பது கருப்பின் அளவை மாற்றும் அமைப்பு. அதை ஏற்றினால் கருப்பு வெளுக்கும், விவரம் கூடாது. அதைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு, பேக்லைட்டை (ஓலெட் திரையில் 'பிக்சல் பிரைட்னஸ்' போன்ற பெயரில் இருக்கும்) ஏற்றுங்கள். பிக்சர் மோடை 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மங்கலாக்கும் சென்சார், மின்சேமிப்பு, டைனமிக் கான்ட்ராஸ்ட், மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் அணையுங்கள். கடைசியில் சொன்னதை மறக்கவே வேண்டாம்: ஃபிலிமின் மணித்துகளை அது அழுக்கு என்று நினைத்துத் துடைக்கும், கூடவே நிழலில் இருக்கும் துணி மடிப்பும் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு நிழல் மொத்தமாகக் கரிக்கட்டையாகத் தெரிந்தால், பிளேயரும் டிவியும் வேறு வேறு அளவில் பேசிக்கொள்கின்றன என்று பொருள். கருப்பிலிருந்து வெள்ளை வரையிலான வெளிச்ச அளவைப் பிளேயர் 0–255 என்ற முழு வீச்சில் அனுப்ப, டிவி 16–235 என்று எதிர்பார்த்தால், 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கருப்பாகிவிடும். நேர்மாறாக இருந்தால் படம் வெளிறும். இரண்டிலும் ஒரே அமைப்பை வையுங்கள்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கண் கூசினால் டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு மங்கலான வெள்ளை விளக்கு போதும். பகலில் இந்தப் படத்தைப் போடாதீர்கள்.

கே: இருட்டான இடங்களில் கட்டம் கட்டமாக, பட்டை பட்டையாகத் தெரிகிறதே?

ஸ்ட்ரீமிங்கில் தகவலைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டுப் பகுதிதான். அதோடு 8 பிட் ஓட்டத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. மெழுகுவத்தி வெளிச்சம் சுவரில் மெல்ல மங்கும்போது அந்த வித்தியாசம் பட்டையாகத் தெரியும். 10 பிட்டில் வரும் 4கே எச்டிஆர் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை தடுமாறினால் கேபிள் போடுங்கள். டிஸ்க் கிடைத்தால் அதுவே மேல். இந்தப் படத்தில் வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும்.

கே: இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருகிறது. ஜூம் செய்யலாமா?

வேண்டாம். படத்தின் விகிதம் 1.66:1, டிவியின் விகிதம் 1.78:1. 4கே திரையில் 3840 பிக்சல் அகலத்தில் ஏறக்குறைய 3600-தான் படம். ஜூம் செய்தால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வெட்டுப்படும். உயரமான கதவுகளும் வளைவுகளும் மனிதர்களை அழுத்துவது போல வைத்த சட்டகங்கள் அவை.

கே: ஓர்லாக் பேசுவது உறுமலாக மட்டும் கேட்கிறது. சப்டைட்டில் இல்லாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

சில வசனங்களுக்குச் சப்டைட்டில் கட்டாயம். அவன் பேசுவது டேசியன், வழக்கொழிந்த மொழி, படத்துக்காக மீட்டுருவாக்கியது. குரலைத் தாழ்த்த, ஓர்லாக்காக நடிக்கும் பில் ஸ்கார்ஸ்கார்ட் ஓர் ஓபரா பாடகியிடம் பயிற்சி எடுத்தார்.

ஒலியமைப்பில் 'நைட் மோட்' இருந்தால் அணையுங்கள். மெல்லிய ஒலியையும் பேரொலியையும் ஒரே மட்டமாக்கிவிடும், அந்த மூச்சிரைப்பின் பயமே போய்விடும். வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரை 2 முதல் 3 டெசிபல் வரை ஏற்றலாம். சப்வூஃபரை (கீழ்ச்சுருதிக்கான ஸ்பீக்கர்) 80 ஹெர்ட்ஸில் பிரியுங்கள், அதற்குக் கீழே உள்ள ஒலி மட்டும் அதற்குப் போகட்டும். அறை மூலையில் வைத்திருந்தால் கொஞ்சம் வெளியே இழுங்கள், மூலை கீழ்ச்சுருதியை ஊதிப் பெருக்கி வசனத்தை மூடும். இரண்டே ஸ்பீக்கர் என்றால் பிளேயரில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள்.

கே: 132 நிமிடமா, நீட்டித்த பதிப்பா?

முதல் முறைக்கு 132 நிமிடப் பதிப்பு. மற்றது சுமார் 4 நிமிடம்தான் கூடுதல்.

கே: 1922-இல் வந்த மூல நோஸ்ஃபெராட்டுவை முதலில் பார்க்க வேண்டுமா? எந்தப் பிரதி?

கட்டாயம் இல்லை. ஆனால் பார்த்துவிட்டு வந்தால் 2024 படத்தில் நகரத்தின்மேல் நீளும் கை நிழல் வேறு மாதிரி தாக்கும்.

எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய அந்தப் படம் 1897-இல் வந்த டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல் பெயர்களை மாற்றி எடுத்தது. நாவலாசிரியரின் மனைவி ஃப்ளாரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குத் தொடுத்தார். 1925-இல் பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகளிலிருந்துதான் இன்று பார்க்கிறோம். அதனால் தரம் மிகவும் வேறுபடும்.

நிறம் தோய்த்த பிரதியை மட்டும் பாருங்கள். அன்றைய ஃபிலிமுக்கு இரவில் படமெடுக்கும் திறன் இல்லை. பகலில் எடுத்து நீலம் தோய்த்து இரவாக்கினார்கள். வெறும் கருப்பு வெள்ளைப் பிரதியில் ஓர்லாக் நல்ல வெயிலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான். 'வெயிலில் சாகிறவன் வெயிலில் நடக்கிறானே' என்ற குழப்பம் இதனால்தான் வருகிறது. வேகத்தையும் கவனியுங்கள்: நொடிக்கு 18 சட்டகம் என்ற கணக்கில் 94 நிமிடம் ஓடும் மீட்டெடுத்த பதிப்பு, 24-இல் ஓட்டினால் 70 நிமிடமாகி எல்லோரும் துள்ளி ஓடுவார்கள்.

இதே கதையை வெர்னர் ஹெர்சாக் மறுபடி எடுத்த 1979 படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எடுத்தார்கள். ஜெர்மன் பதிப்பில் நடிப்பு இயல்பாக இருக்கிறது.

கே: இந்த ஓர்லாக்குக்கு ஏன் மீசை?

நாவலில் டிராகுலாவுக்கு மீசை உண்டு. அதோடு எக்கர்ஸ் இவனை இறந்துபோன டிரான்சில்வேனியப் பிரபுவாக வடிவமைத்தார், அந்தக் காலத்துப் பிரபுவுக்கு மீசை இயல்பு. மொட்டைத் தலை, எலிப்பல் 1922-க்கு உரியவை. இவன் கழுத்தை விட்டு மார்பில் கடிப்பதும் பழைய நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தது.

கே: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

கூடாது. ரத்தம், நிர்வாணம், வலிப்பு போன்ற காட்சிகள், குழந்தைகள் சாகும் காட்சி எல்லாம் இருக்கின்றன. எலிகளுக்கு அஞ்சுபவர்களும் யோசியுங்கள், பல நிஜ எலிகள்.

கே: (முடிவு வருகிறது) நாயகி எல்லென் ஏன் ஓர்லாக்கைத் தானே அழைக்கிறாள்? மூன்று படத்திலும் ஒரே முடிவுதானா?

நாவலில் டிராகுலாவைக் கொல்வது கத்திகள். சூரிய ஒளியில் மடிவது 1922 படம் கொண்டுவந்த மாற்றம், அதில் அவன் புகையாகிப் போவான். 1979-இல் பெண்ணின் பலி வீணாகிறது, நோய் அவள் கணவன் உடலில் தொடர்கிறது.

2024-இல் ஓர்லாக்குக்கு அவளது சம்மதம் வேண்டும், அதற்கு மூன்று இரவு கெடு வைக்கிறான். படத்தின் முதல் நிமிடத்திலேயே தனிமையில் அவனை அழைத்தவள் அவள்தான். கடைசி இரவில் தெரிந்தே அழைத்து, சேவல் கூவும் வரை அவனை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். இங்கே அவன் புகையாவதில்லை, வற்றிய உடல் அவள்மேலேயே கிடக்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த முதல் காட்சியில் அவள் சொல்லும் சொற்களைக் கவனியுங்கள். முடிவு அங்கேயே இருக்கிறது.