ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குக் குழுச் சுற்றுலா: அம்மா அப்பாவுடன் போக ஆகஸ்ட் கடைசி நல்லதா, செப்டம்பர் கடைசியா?

வீட்டில் புரட்டாசி விரதம் இருப்பவர்கள் உண்டென்றால் ஆகஸ்ட் கடைசி. இல்லையென்றால் செப்டம்பர் கடைசி. என் பதில் இவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் "இலை சிவப்பதைப் பார்க்கணும், அம்மாவுக்கு முட்டி வலி, ஏஜென்ட் இந்த ரெண்டு தேதிதான் கொடுக்கிறார்" என்று எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சுற்றுலாத் துறையில் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்கவும் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு செப்டம்பர் கடைசியில் போய் வந்தேன். அக்காவுக்கு அப்போதுதான் லீவு கிடைத்தது.

முதலில் இலை. இங்கே ஒட்டும் விளம்பரங்களில் ஒரு பக்கம் ஊதா லாவண்டர், மறு பக்கம் சிவந்த மேப்பிள். ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்கவே கிடைக்காது. ஃபுரானோவில் லாவண்டர் ஜூன் கடைசியில் தொடங்கி, ஜூலை நடுவில் நன்றாகப் பூத்து, ஆகஸ்ட் தொடக்கத்தோடு முடிந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து ஊரான பியேய் பக்கம் வேறு பூக்கள் வரிவரியாக இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் போஸ்டரில் பார்த்த ஊதா இருக்காது. செப்டம்பர் கடைசியில் ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவில் இறங்கினால் மரமெல்லாம் பச்சை. நகரம் சிவக்க அக்டோபர் கடைசி ஆகிவிடும். செப்டம்பரில் சிவப்பு வேண்டுமென்றால் டைசெட்சுசான் மலைப் பக்கம் போக வேண்டும். ஜப்பானிலேயே முதலில் இலை சிவக்கும் இடம் அதுதான். அங்கே அசாஹிடாகே, 2,291 மீட்டர், ஹொக்கைடோவின் உயரமான சிகரம். ரோப்வே சுமார் 1,600 மீட்டர் வரை கொண்டுபோய் விட்டுவிடும், முட்டி வலிக்காரர்களும் போகலாம். அதே மலைகளின் மறு பக்கத்தில் சோவுன்கியோ பள்ளத்தாக்கு, அது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. உங்கள் பயணத் திட்டத்தில் இந்த இரண்டில் ஒரு பெயராவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "ஆட்டம் டூர்" (இலையுதிர் காலச் சுற்றுலா) என்ற பெயருக்காக ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்து புரட்டாசி. அது செப்டம்பர் 17 வாக்கில் பிறந்து அக்டோபர் நடு வரை ஓடும். அம்மா அந்த மாதம் முட்டை கூடத் தொட மாட்டார். "நோ மீட்" என்று ஏஜென்டிடம் எழுதியே கொடுத்திருந்தோம். அவருக்குப் புரிந்தது, பன்றியும் மாடும் வேண்டாம் என்பது. முதல் நாள் ராத்திரி அம்மா தட்டில் வறுத்த மீன். அதை மாற்றித் தரச் சொன்னால் சூப் வருகிறது. பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான், மேலே இரண்டு துண்டு தோஃபு. ஒரு வாய் வைத்ததும் அம்மா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். டாஷி என்று ஒரு சாறு வைக்கிறார்கள். பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்க வைப்பது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேக வைத்த காய் என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது மீனே இல்லை, நமக்குப் பெருங்காயம் போல.

"ஒரு வாரம்தானே, சாமி கோவிச்சுக்காது" என்று எழுத வருகிறவர்களுக்கு: அதை என் அம்மாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.

பிறகு எப்படிச் சமாளித்தோம் என்றால், தயிர். ஜப்பானில் கறக்கும் பாலில் பாதிக்கு மேல் ஹொக்கைடோவில்தான் கறக்கிறார்கள். தயிர் கெட்டியாக, இனிப்பில்லாமல், எந்தக் கடையிலும் கிடைக்கும். மைக்ரோவேவில் சுட வைக்கும் வெறும் சோறும் அங்கேயே இருக்கும். நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயோடு ஹோட்டல் அறையில் தயிர்ச்சோறு பிசைந்து கொடுத்தேன். உப்பில் ஊறிய பிளம் பழத்தை உள்ளே வைத்த சோற்று உருண்டையும் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஒன்று கவனம்: இறைச்சி சேர்ந்த எதையும், பொரித்துக் காய வைத்தது ஆனாலும் சரி, ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. உங்கள் அப்பாவுக்கென்று ரெண்டாங் இறைச்சிக் கறி கட்டிவிடாதீர்கள்.

மலைக்கு மேலே போனோம். சரிவெல்லாம் சிவப்பும் மஞ்சளும். பஸ்ஸில் வந்த எல்லாரும் வாய் பிளந்து படம் எடுக்கிறார்கள். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தன எலையும் யாரு கூட்டுறது?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வரவில்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் மரமும் பிப்ரவரி வாக்கில் சிவந்துதான் கொட்டும். இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் மளிகைக் கடன் ஏறும். அப்படி வாழ்ந்தவரிடம் இதைப் பார்க்கக் காசு கட்டிக் கூட்டி வந்திருக்கிறேன் என்று எப்படி விளக்குவது?

மலையில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டதும் ஒரு சொந்தக்காரர், "லோரில டவுனுக்கு வந்தவங்க இப்ப ஜப்பானா" என்று எழுதினார். அம்மா விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது ரப்பர் மர வரிசைக்கு, போனவர். தோட்டத்தை விற்றபோது கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி பண்ணச் சொன்னார்கள். வீடு தருவோம் என்ற வாக்கு வாக்காகவே இருக்கிறது. பாதி நிலத்தில் செம்பனை, மீதியில் கேட் போட்ட தாமான், அதாவது குடியிருப்பு. போன வருடம் அங்கே ஒரு வீட்டுக்கு வளைகாப்புக்குப் போனோம். காவலாளி அம்மாவிடம் ஐ.சி. (அடையாள அட்டை) கேட்கிறார். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பானில் 90 நாள் வரை விசா வேண்டாம். அம்மா பால் வெட்டிய இடத்துக்குள் நுழைய ஐ.சி. வேண்டும். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுத வந்ததை எழுதிவிட்டேன்.

குளிர், வெளிச்சம் இரண்டையும் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் சப்போரோவில் பகல் 26 டிகிரி போல இருக்கும். ஆனால் எப்போதும் குளுகுளுவென்று நம்ப வேண்டாம், 2023 ஆகஸ்ட் 23 அன்று அங்கே 36.3 வரை போயிருக்கிறது. செப்டம்பர் கடைசியில் பகலில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும், மலை மேல் காலையில் நடுங்கும், அம்மாவுக்குக் காலுறை இரண்டு அடுக்கு. அதைவிட முக்கியம் பொழுது. நமக்கு வருடம் முழுக்க ஏழு மணிக்கு மேல்தான் இருட்டும். அங்கே ஆகஸ்ட் கடைசியில் ஆறேகாலுக்கும், செப்டம்பர் கடைசியில் ஐந்தரைக்கு முன்னாலேயும் சூரியன் இறங்கிவிடும். குழுப் பயணத்தில் கடைசி இடத்துக்கு எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருவார்கள். ஒட்டாரு கால்வாயை நாங்கள் இருட்டில்தான் பார்த்தோம். அங்கே விளக்குகள் இருந்ததால் பரவாயில்லை. டோயா ஏரி மாதிரி இடத்தைக் கடைசியில் வைத்திருந்தால் கறுப்புத் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.

புயலைப் பற்றி அப்பா பயப்படுகிறார் என்றீர்கள். இரண்டு மாதமுமே புயல் காலம்தான். ஹொக்கைடோவுக்குக் குறைவாகத்தான் வரும், ஆனால் 2016 ஆகஸ்டில் மூன்று புயல்கள் அங்கே கரையேறின. தேதியை மாற்றித் தப்பிக்க முடியாது, பயணக் காப்புறுதி எடுங்கள்.

ஆகஸ்ட் என்று முடிவெடுத்தால் 13லிருந்து 16 வரை ஓபோன், முன்னோரை நினைக்கும் பண்டிகை. ஜப்பான்காரர்களே ஊருக்குப் போகிற நாட்கள், அதைத் தாண்டிப் புறப்படுங்கள். மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர தின) விடுமுறையை ஒட்டி விமான விலை ஏறும். வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். எங்களுடையவர் மாண்டரினில் நிறுத்தாமல் ஒரு கதை சொல்லி பஸ்ஸையே சிரிக்க வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி "டாய்லெட், தெர்ட்டி மினிட்ஸ்" என்பார்.

உங்கள் அம்மா புரட்டாசி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு தேதியை எடுங்கள். வேறு ஏதாவது வேண்டுமானால் கீழே கேளுங்கள், சொல்கிறேன். எவ்வளவு செலவாயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள், அதை என் அண்ணனிடமே இன்னும் சொல்லவில்லை.