கன்வெர்ட்டர் வேண்டுமா, அடாப்டர் போதுமா?

கேள்வி: அமெரிக்கா போகிறேன். வோல்டேஜை மாற்றும் கன்வெர்ட்டர் இல்லாமல் செருகினால் கேமரா சார்ஜர் எரிந்துவிடும் என்று பயமுறுத்தி, கனமான ஒன்றைக் கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார். அது தேவைதானா?

பதில்: அநேகமாகத் தேவையே இல்லை. சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் ஜப்பானின் 100, அமெரிக்காவின் 120, ஐரோப்பாவின் 230 எல்லாவற்றையும் அதுவே சமாளித்துக்கொள்ளும். இப்போது வரும் கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். பின் பொருந்துவதற்கு ஒரு சின்ன அடாப்டர் போதும்.

இந்தப் பயமுறுத்தல் வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரே வோல்டேஜுக்கென்று செய்த பொருளுக்குத்தான் கன்வெர்ட்டர். அதிலும் இலேசான, மலிவான சில கன்வெர்ட்டர்கள் ஹேர் டிரையர் மாதிரி சூடாகும் சாதனங்களுக்கு மட்டுமே ஆனவை. அவற்றில் எலெக்ட்ரானிக் சார்ஜரைச் செருகினால் நல்ல சார்ஜரும் கெட்டுப்போகலாம். பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தாலும் அதை வாங்குபவரிடம் வாய் திறந்து சொல்வதில்லை. பில்லோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.

கேள்வி: 120 வோல்ட் மட்டும் என்று எழுதிய சார்ஜரை அடாப்டர் போட்டு லண்டனில் செருகினேன், புகைந்துவிட்டது. அடாப்டர் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: எதற்கு? அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. எழுதியிருந்ததைப் படித்த பிறகும் 230 வோல்ட்டில் செருகியது நீங்கள்தான்.

கேள்வி: உபரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடலாமா?

பதில்: கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி மூடி போடுங்கள், இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மலிவான யூஎஸ்பி சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.

பதில்: பாவம், நானும் இப்படி ஒன்று வாங்கியிருக்கிறேன். பச்சை எரிந்ததும் பேட்டரியைக் கேமராவில் போட்டால் ஒரு கோடு குறைவாகவே காட்டும், பேட்டரியும் கொதிக்கும். பேட்டரியைக் கேமராவோடு வந்த சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அதில் முழுசாக ஏறினால் கோளாறு புதுச் சார்ஜரில்தான். இரண்டு சார்ஜரிலும் ஏற்றிய பிறகு கேமரா காட்டுவதைப் படம் எடுத்து, விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். பேட்டரி சூடானால் அந்தப் புதுச் சார்ஜரை இனித் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஹோட்டலில் பகலெல்லாம் சார்ஜில் போட்டும் ஏறவில்லை. சார்ஜர் போய்விட்டதா?

பதில்: வெளியே போகும்போது சாவி அட்டையை உருவிக்கொண்டு போனீர்களா? பல ஹோட்டல்களில் அதோடு அறையின் கரண்டும் நின்றுவிடும். புதுசு வாங்குவதற்கு முன்னால், இன்றிரவு அறையில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள்.