மகன் றொக் பாடகனாகப் போகிறானாம்: முல்லைத்தீவுத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் சாதாரணதரத்தில் கணிதத்துக்கு ஏ, விஞ்ஞானத்துக்கு பி எடுத்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்ந்தான். முதலாம் தவணை முடிந்ததிலிருந்து ரியூசனுக்குப் போவதில்லை. கூட்டாளி வீட்டில் இரவல் கிற்றாரோடு இருக்கிறான். கேட்டால் குயீன் என்ற பிரித்தானிய றொக் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியைப் போல வரப்போவதாகச் சொல்கிறான். அவனுடைய அப்பா கிற்றாரை அடித்து உடைப்பேன் என்று நிற்கிறார். நீங்களோ காப்பை அடகு வைத்து, பாட்டை ஒளிப்பதிவு செய்து வெளியிட்டுத் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் மூன்று இலட்சம் ரூபாய் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கிற்றாரை உடைக்க வேண்டாம். காப்பையும் அடகு வைக்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகன் அலைபேசியில் பார்த்திருப்பது பெரும்பாலும் 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியாக இருக்கும். எத்தியோப்பியாவின் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டிய அந்த மேடையில் குயீன் குழுவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இருபது நிமிடம். அந்த நேரத்துக்குள் மெர்க்குரி அரங்கம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தார். அதைப் பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் உடம்பு சிலிர்க்கும்; எனக்கும் சிலிர்த்தது. அப்போது அவருக்கு வயது 38.

அவர் 1946 இல் கிழக்கு ஆபிரிக்கத் தீவான சன்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை. இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. தந்தை பிரித்தானிய ஆட்சியின் கீழ் நீதிமன்றக் காசாளர்; நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அரசாங்க உத்தியோகத்தர் வீடு. பிள்ளையை இந்தியாவில் பஞ்ச்கனியிலிருந்த விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே பியானோ பழகி, பாடசாலைக் குழுவொன்றில் வாசித்தார். 1964 இல் சன்சிபாரில் புரட்சி வெடித்தது. அரபுக்களும் இந்திய வம்சாவளியினரும் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. ஊரை விட்டு ஓடுவது என்றால் என்னவென்று வன்னித் தாய் ஒருவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

லண்டனில் அவர் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்து 1969 இல் டிப்ளோமா பெற்றார். கென்சிங்டன் சந்தையில் பழைய உடுப்பு விற்றார். ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப் பொதிகளை ஏற்றி இறக்கினார். இடையிடையே யாரும் நினைவில் வைத்திராத சிறு குழுக்களில் பாடினார். குயீன் 1970 இல் உருவானது. முதல் இசைத்தட்டு வந்தது 1973 இல். அவர் எழுதிய ‘பொஹீமியன் ராப்சடி’ பிரித்தானியாவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது 1975 இன் கடைசியில் தொடங்கித்தான். படித்த வரைகலையும் வீணாகவில்லை. குயீன் குழுவின் சின்னத்தை வரைந்தவர் அவரே.

மற்ற மூவரையும் பாருங்கள். கிற்றார் வாசித்த பிரையன் மே பௌதிகம் படித்து, சூரியக் குடும்பத்திலுள்ள தூசுத் துகள்களைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர். 1974 இல் இடையில் விட்டார். 2007 இல் முடித்துப் பட்டம் வாங்கினார். றொஜர் டெய்லர் பல்மருத்துவம் படிக்கப் போய், பின்னர் உயிரியலில் பட்டம் பெற்றார். ஜோன் டீக்கன் மின்னணுவியலில் முதல் வகுப்பு. குப்பையில் கிடந்த ஒரு மின்சுற்றுத் தகட்டை எடுத்து வந்து அவர் செய்த சிறிய ஒலிபெருக்கியைத்தான் குயீன் பல ஒலிப்பதிவுகளில் பயன்படுத்தியது.

இதை வைத்துக்கொண்டு “பார், அவர்கள் எல்லாரும் படித்தவர்கள், நீயும் போய்ப் படி” என்று மகனுக்குப் பாடம் எடுக்காதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை “பிரையன் மே படிப்பை விட்டாரே” என்று ஒரு சொல்லில் உங்களை மடக்கிவிடுவான். அவன் சொல்வதும் உண்மைதான். நான் இதைச் சொன்னது உங்களுக்காக. அவர்களிடம் இருந்த அறிவு பாட்டுக்கு எதிராக நிற்கவில்லை. பாட்டு சோறு போடாத வருடங்களில் அது பக்கத்தில் நின்றது. சில வேளை பாட்டுக்குள்ளேயே வந்து வேலை செய்தது.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட சொல் “முதலாம் தவணை”. சாதாரணதரக் கணிதத்துக்கும் உயர்தர இணைந்த கணிதத்துக்கும் இடையிலுள்ள தூரம் பலரும் நினைப்பதை விட அதிகம். ஏ எடுத்த பிள்ளை முதல் தவணைப் பரீட்சையில் இருபது, முப்பது புள்ளியோடு வீட்டுக்கு வருவது எங்கும் நடக்கிறது. அந்த வெட்கத்தை வீட்டில் சொல்ல முடியாத பிள்ளை போய் ஒளிவதற்கு ஓர் இடம் தேடுகிறது. சிலருக்கு அது கிரிக்கெட், சிலருக்கு அலைபேசி, சிலருக்கு கிற்றார். உங்கள் மகன் இசையை நோக்கிப் போகிறானா, இணைந்த கணிதத்திடமிருந்து ஓடுகிறானா என்பது தெரியாமல் யாரும் அவனுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். ஏச வேண்டாம், பார்த்தால் போதும்.

பயம் கணிதத்தில்தான் என்றால் வழி இருக்கிறது, அதற்குக் காலமும் இருக்கிறது. தொழில்நுட்பப் பிரிவுக்கு மாறி, மூன்றாவது பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுக்கலாம். பிரிவு மாறுவதைப் பாடசாலையில் இப்போதே பேச வேண்டும். இரண்டாம் வருடத்தில் போய்க் கேட்டால் முகத்தைத்தான் பார்ப்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கின்றன. 2021 முதல் வவுனியாவுக்கும் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் அதே அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். கணிதத்திலேயே நிற்கக்கூடியவன் என்றால், பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 சதவீத இடங்களில் முல்லைத்தீவும் சேர்கிறது என்பதை அவனுக்கு நினைவூட்டுங்கள்.

அவன் உண்மையிலேயே இசையை நோக்கித்தான் போகிறான் என்றால், நான் கேட்பது ஒரே கேள்வி: சொந்தமாக எத்தனை பாட்டு எழுதி முடித்திருக்கிறான்? நன்றாகப் பாடுகிறவர்கள் வன்னியில் ஏராளம். கோயில் திருவிழாவுக்கும் கலியாண மண்டபத்துக்கும் சினிமாப் பாட்டுப் பாட ஆளுக்குக் குறைவில்லை. அதுவும் மரியாதையான உழைப்புத்தான், வாரக்கடைசிக் கைச்செலவுக்கு உதவும். ஆனால் மெர்க்குரி பிழைத்தது குரலால் மட்டுமில்லை. தன் பாட்டுகளை எழுதியவர் என்பதாலும்தான். ‘பொஹீமியன் ராப்சடி’ வந்த அந்த 1975 இசைத்தட்டின் மறுபக்கத்தில் டெய்லர் எழுதிய ஒரு பாட்டு இருந்தது. வானொலியில் ஒலித்ததும் மக்கள் வாங்கியதும் முன்பக்கத்துக்காக. ஆனாலும் தட்டு ஒவ்வொன்று விற்றபோதும் பாடலாசிரியருக்குரிய பங்கு இரு பக்கத்துக்கும் சமமாகவே போனது. குழுவுக்குள் அதனால் வந்த மனக்கசப்பு வருடக்கணக்கில் நீடித்தது. 1989 இல்தான் எல்லாப் பாட்டுக்கும் குழுவின் பெயரையே போடுவது என்று முடிவெடுத்தார்கள்.

உங்கள் மகனுக்கும் இது நேரே பொருந்தும். சினிமாப் பாட்டைப் பாடி யூடியூபில் போட்டால் விளம்பரப் பணம் பெரும்பாலும் அந்தப் பாட்டின் உரிமையாளருக்கே போகும். சொந்தப் பாட்டென்றால் பலன் அவனுக்கு. அதற்கும் முதலில் 1000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்துக்குள் 4000 மணிநேரப் பார்வையும் சேர வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை எழுதிய அந்தக் கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் வாழும் காலமும் அதன் பின் 70 வருடமும் அது நீடிக்கும். எங்கும் பதியத் தேவையில்லை. ஆகவே கூட்டாளியோடு சேர்ந்து எழுதும் பாட்டுகளுக்கு யார் வரிகள், யார் மெட்டு என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக் கையொப்பம் வைக்கச் சொல்லுங்கள். நண்பர்களுக்குள் இது எதற்கு என்பான். நண்பர்களுக்குள்தான் தேவை.

மூன்று இலட்சம் கேட்கும் மனிதரைப் பற்றி. குயீன் குழுவே தொடக்கத்தில் ஒரு நிறுவனத்திடம் ஒலிப்பதிவு, பாடல் உரிமை, நிர்வாகம் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதிக் கொடுத்துவிட்டது. பாட்டுகள் வெற்றி பெற்ற பின்னும் வாரச் சம்பளத்தில் தவித்து, 1975 இல் சட்டத்தரணியை வைத்து, பணமும் கொடுத்து வெளியேற வேண்டியிருந்தது. அந்த நிறுவனமாவது இவர்கள் மேல் தன் காசைப் போட்டது. உங்களிடம் வந்தவர் உங்கள் காசைக் கேட்கிறார். தாளில் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அனேகமாகத் தாளே இருக்காது. நுண்கடன், அடகு, குத்தகை என்று நம் பெண்கள் பட்டது போதும். இந்தக் கணக்கில் இன்னொன்று வேண்டாம்.

பழகுவதற்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கரையோரக் கத்தோலிக்க ஆலயங்களின் பாடகர் குழுக்களில் கிற்றாரும் கீபோட்டும் இருக்கின்றன. பல குரல் சேர்த்துப் பாடும் முறையை இங்கே கற்கக் கூடிய இடம் எனக்குத் தெரிந்து அதுதான். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரோடு பாடசாலை விடுமுறையில் நின்றால் ஒலிகளைக் கலக்கும் பலகையின் வேலை பிடிபடும். சான்றிதழ் வேண்டுமானால் லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்தும் றொக், பொப் தரப் பரீட்சைகளுக்குக் காணொளி அனுப்பியே தோற்றலாம். கட்டணம் கொஞ்சம் கடிக்கும். இசையில் பட்டம்தான் வேண்டுமென்றால் கலைப் பிரிவில் சங்கீதம் எடுத்து, யாழ்ப்பாணம் இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே கற்பது கர்நாடக சங்கீதம், றொக் இல்லை. அதற்காக அவன் முகம் சுளித்தால், மெர்க்குரி மேற்கத்திய இசை நாடகமான ஒப்பெராவை றொக்குக்குள் கொண்டுவந்தவர் என்று சொல்லுங்கள். நம் கோவலன் கூத்தின் மெட்டுகளை இன்னும் யாரும் கிற்றாரில் சரியாக வாசித்துக் காட்டவில்லை என்பது என் தனிப்பட்ட ஏக்கம்.

இணையத்தில் தேடினால் மெர்க்குரி 1991 இல் 45 வயதில் எய்ட்ஸ் நோயால் இறந்ததும் வரும். கண்டவுடன் பயந்து “இதுதான் பாட்டுக்காரர் வாழ்க்கை” என்று தொடங்காதீர்கள். மது, போதை, இரவு விழிப்பு பற்றிப் பிள்ளையோடு பேசத்தான் வேண்டும். பொறியியல் படிக்கப் போகும் பிள்ளையோடும் அதே அளவு பேச வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு செய்தி. பிரையன் மே வாழ்நாள் முழுவதும் மேடையில் வாசித்த கிற்றார் கடையில் வாங்கியதில்லை. 1963 இல் தொடங்கி அவரும் அவருடைய தந்தையும் வீட்டில் செய்தது. அதன் கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து வந்தது. அதே தந்தை, மகன் ஆய்வை விட்டுவிட்டுக் குழுவோடு போனபோது மிகவும் மனமுடைந்தார். ஆனால் கிற்றாரை உடைக்கவில்லை. உங்கள் கணவர் தச்சு வேலை தெரிந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். இரவல் கிற்றாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போது, உடைந்த பழைய கிற்றார் ஒன்றை மலிவாக வாங்கி இருவரும் சேர்ந்து திருத்தலாம்.

உயர்தரப் பரீட்சை வரை வாரநாட்கள் வகுப்புக்கு, ஞாயிறு முழுவதும் பாட்டுக்கு என்று அவனோடு பேசி முடிவெடுங்கள். மாதம் ஒரு பாட்டு முடிக்க வேண்டும். அரைகுறை கணக்கில் சேராது. அடுத்த மாதம் நான் முல்லைத்தீவுக்கு வரும்போது மூவரும் வாருங்கள். தவணைப் புள்ளி அட்டையையும் பாட்டுக் கொப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் கால் மணிநேரம் மகனோடு தனியாகப் பேசுவேன். நீங்கள் இருவரும் வெளியே இருக்க வேண்டியிருக்கும்.