கடலே இல்லாத ஊரில் ஒரு கப்பல் பங்களா

கேள்வி: அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்து, இந்தியாவில் படைவீரராகப் பெயர் எடுத்தவர் யாராவது உண்டா? உள்ளூர் மக்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

உண்டு. ஜார்ஜ் தாமஸ். நான் வேலை விஷயமாக ஹரியானாவின் ஹிசாரில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே ‘ஜஹாஜ் புல்’ என்று ஒரு இடம், பக்கத்தில் அவர் வசித்த ‘ஜஹாஜ் கோட்டி’ என்ற பழைய பங்களா. ஜஹாஜ் என்றால் கப்பல். கோதுமை வயலும் புழுதிக்காற்றும் உள்ள ஊருக்குக் கப்பல் எப்படி வந்தது?

ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டடம் கப்பல் மாதிரி இருக்கும் என்பார்கள் சிலர். ஜார்ஜ் என்ற பெயர்தான் வாயில் புரண்டு ஜஹாஜ் ஆகிவிட்டது என்பது இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஜஜ்ஜர் பக்கம் அவர் கட்டிய ஜார்ஜ்கட் கோட்டையும் இன்று ஜஹாஜ்கட்தான். அதோடு, அந்தக் காலத்திலேயே அவரை ‘ஜஹாஜி சாஹிப்’, அதாவது கப்பல்காரத் துரை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பெயரும் தொழிலும் ஒரே சொல்லில் வந்து விழுந்தால் ஜனங்கள் அதை விடுவார்களா?

அவர் நிஜமாகவே கப்பலில் வந்தவர். டிப்பரரி பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பிரிட்டிஷ் கடற்படை மாலுமியாக நம் மதராஸுக்கு வந்தார். 1780களின் தொடக்கத்தில் கப்பலை விட்டு ஓடி, தெற்கே பாளையக்காரர்களிடம் சில வருடம் சேவகம் செய்தார். ஹரியானாக்காரர்கள் சொல்லும் கதைகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் இழுப்பது இதுதான். நம்மூர்ப் பாளையங்களில் போர்த்தொழில் பழகிய ஒரு ஆள், வடக்கே போய்ச் சர்தனாவை ஆண்ட பேகம் சம்ருவிடம் தளபதியாகிறார். பின்னால் மனக்கசப்பில் பிரிந்தும், 1795-ல் பேகத்தை அவருடைய சொந்தப் படையே சிறை வைத்தபோது மீட்டு ஆட்சியில் உட்கார வைக்க உதவியது இதே தாமஸ்தான். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அப்புறம் ஹிசாரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள ஹான்சியைத் தலைநகராக்கினார். பாழடைந்து கிடந்த மதில்களை எடுத்துக் கட்டி, ஆட்களைக் குடியேற்றி, பீரங்கி வார்த்து, சொந்தமாக ரூபாயும் அச்சடித்தார். எல்லாம் நாலைந்து வருடம்தான். மராத்திய மன்னர் சிந்தியாவின் பிரெஞ்சுத் தளபதி பெரோன் அனுப்பிய படை 1801-ல் அவரை வீழ்த்தியது.

கடைசி நாட்களில் தன் கதையை எழுத முன்வந்த ஆங்கிலேய அதிகாரியிடம், பாரசீகத்திலேயே சொல்லட்டுமா என்று கேட்டாராம். ஆங்கிலம் அவ்வளவு தூரம் விட்டுப் போயிருந்தது. ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு கல்கத்தா நோக்கிப் புறப்பட்டவர், 1802 ஆகஸ்டில் வழியில் வங்காளத்தின் பஹரம்பூரில் இறந்துபோனார். அயர்லாந்துக்குக் கப்பல் ஏறவே இல்லை.